மெலிந்த உடலுக்குள் சேரும் கொழுப்பு: இன்சுலின் எதிர்ப்பை யாருடைய நோயாகப் பார்க்கிறோம்?

'பணக்கார வியாதி' என்னும் சொல் விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர்களில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. சர்க்கரை நோயைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். உட்கார்ந்து தின்று கொழுத்தவருக்கு வருவது, உழைத்து உண்பவரை அண்டாது என்பது அதன் உட்பொருள். மல்லாங்கிணற்றிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலிருந்தும் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் செல்லும் தொழிலாளர்களிடம் பேசினால், இந்த நம்பிக்கையின் ஆழம் தெரியும். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று மருத்துவர் முதன்முறையாகச் சொல்லும்போது அவர்கள் அதிர்ச்சியடைவதில்லை, நம்ப மறுக்கிறார்கள். "நான் ஒல்லியாத்தானே இருக்கேன்?" என்று கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. உடற்பருமனுக்கும் இன்சுலின் எதிர்ப்புக்கும் உள்ள உறவைப் பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் அறிவியல் எழுப்பிய முதன்மையான கேள்விகளில் அதுவும் ஒன்று. கிடைத்த விடை நம் மக்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது: நோயைத் தீர்மானிப்பது எவ்வளவு கொழுப்பு என்பது மட்டுமன்று, அது உடலின் எந்த இடத்தில் தங்குகிறது என்பதும், அந்த உடல் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் எவ்வளவு பட்டினியைச் சந்தித்தது என்பதுமாகும்.

முதலில் 'பணக்கார வியாதி' என்னும் நம்பிக்கையைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னையிலுள்ள நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை நடத்திய நாடு தழுவிய ஆய்வின் 15 மாநில முடிவுகள் 2017இல் வெளிவந்தன. சண்டிகர், மகாராட்டிரம், தமிழ்நாடு ஆகிய வளர்ந்த பகுதிகளின் நகரங்களில், வசதி படைத்தவர்களைவிட வசதி குறைந்தவர்களிடமே நீரிழிவு அதிகம் என்று அது கண்டது. 2023இல் வெளியான முழு ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு முன்நீரிழிவும் இருப்பதாக மதிப்பிட்டது. நீரிழிவில் நகரம் இன்னும் முந்தி நிற்கிறது. ஆனால் நோயின் வாசற்படியான முன்நீரிழிவில் நகரம் 15.4 விழுக்காடு, கிராமம் 15.2 விழுக்காடு. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். இன்றைய முன்நீரிழிவில் ஒரு பெரும்பகுதிதான் நாளைய நீரிழிவு.

இனி, உடலுக்குள் நடப்பது என்ன?

உணவு உண்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையத்திலுள்ள பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலின் மூன்று இடங்களுக்கு மூன்று கட்டளைகளை எடுத்துச் செல்கிறது. தசையிடம், 'சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்' என்கிறது. கல்லீரலிடம், 'நீ சர்க்கரை தயாரிப்பதை நிறுத்து' என்கிறது. கொழுப்புத் திசுவிடம், 'வைத்திருக்கும் கொழுப்பை வெளியே விடாதே' என்கிறது. இந்தக் கட்டளைகளுக்கு உறுப்புகள் முன்போல் செவிசாய்க்காத நிலைதான் இன்சுலின் எதிர்ப்பு. கணையம் விட்டுக்கொடுப்பதில்லை, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து வேலையை முடிக்கிறது. ஆகவே பல ஆண்டுகள் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இயல்பாகவே தெரியும். பீட்டா செல்கள் களைத்துப் போகும்போதுதான் சர்க்கரை ஏறத் தொடங்குகிறது. அதாவது சர்க்கரை நோய் என்று நாம் பெயரிடும் நாள், அந்தக் கதையின் தொடக்கம் அன்று. பாதிக்கு மேல் கடந்துவிட்ட இடம்.

இதில் கொழுப்பின் பங்கை விளக்கக் கரிசல் காட்டில் பழைய பொருள் ஒன்று உண்டு: தானியம் கொட்டி வைக்கும் குலுக்கை. (குலுக்கையை நிரப்பிய கைகள் வேறு, அதை வீட்டில் வைத்திருந்தவர்கள் வேறு என்பது தனிக்கதை.) தோலுக்கு அடியில் இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பு, குலுக்கைக்குள் இருக்கும் தானியம் போன்றது. அது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. குலுக்கை நிறைந்த பிறகும் தானியம் வந்துகொண்டே இருந்தால் திண்ணை, அடுப்படி, படுக்கை என்று வீடெங்கும் சிதறும். உடலில் அப்படிச் சிதறுமிடங்கள் வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றிய பகுதி, கல்லீரல், தசை, கணையம் ஆகியவை. அங்கே சேரும் கொழுப்பிலிருந்து வெளிப்படும் கொழுப்பமிலங்கள் கல்லீரலிலும் தசையிலும் இன்சுலினின் கட்டளையைப் பாதி வழியிலேயே தடுக்கின்றன. வீங்கிய கொழுப்புத் திசுவுக்குள் நோய் எதிர்ப்புச் செல்கள் புகுந்து, ஓயாத மெல்லிய அழற்சியை உண்டாக்குகின்றன. அங்கு சுரக்கும் அழற்சிப் பொருள் ஒன்று இன்சுலினை மழுங்கடிப்பதை 1993இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளிடம் காட்டினர்.

இந்த விளக்கத்துக்கு வலுவான சான்று எதிர்த்திசையிலிருந்து வருகிறது. தோலடிக் கொழுப்பே உருவாகாத அரிய பிறவிக் குறைபாடு ஒன்று உண்டு. அவர்களுக்குக் குலுக்கையே இல்லை. பார்வைக்கு எலும்பும் தசையுமாக இருப்பார்கள். ஆனால் மிகக் கடுமையான இன்சுலின் எதிர்ப்பு அவர்களுக்கு இருக்கும், கல்லீரல் கொழுப்பால் வீங்கியிருக்கும். மறுபுறம், பருத்த உடலோடு சர்க்கரையும் கல்லீரலும் நலமாக உள்ளவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் ராய் டெய்லர் இதை ஒவ்வொருவருக்கும் உரிய கொழுப்பு வரம்பு என்கிறார். அந்த வரம்பு ஒருவருக்கு 100 கிலோவில் இருக்கலாம். இன்னொருவருக்கு 55 கிலோவிலேயே கடந்துபோயிருக்கலாம்.

நம் குலுக்கை ஏன் சிறியதாக இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக். 2004இல் அவரும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியெண் ஒன்றுதான்: 22.3. அந்த எண்ணின்படி இருவருமே மெலிந்தவர்கள். ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. எடையை உயரத்தின் இருபடியால் வகுக்கும் அந்த எண், தசை எது, கொழுப்பு எது என்று அறியாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அவர் அதோடு நிற்கவில்லை. புனேக்கு அருகே ஆறு கிராமங்களில் 1993இல் தொடங்கிய ஆய்வில், அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஒப்பிட்டுப் பார்த்த இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. புனேக் குழந்தைகளின் தசை மெலிந்திருந்தது, வயிற்று உறுப்புகள் சிறுத்திருந்தன. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலின் அப்போதே கூடுதலாக இருந்தது. கருவில் உணவு போதாதபோது உடல் மூளையையும் கொழுப்பையும் காத்து, தசையையும் கணையத்தையும் விலையாகக் கொடுக்கிறது. நாற்பது ஆண்டு கழித்து அந்த உடலுக்குக் கொஞ்சம் உணவு கூடுதலாகக் கிடைத்தாலும் போதும், குலுக்கை வழிந்துவிடும். 1944-45 குளிர்காலத்தில் நாஜிப் படைகள் உணவைத் தடுத்து நெதர்லாந்தைப் பட்டினி போட்டன. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களுக்கு ஐம்பது வயதில் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். அது ஐரோப்பிய உடல். ஆகவே இது ஓர் இனத்தின் கதை மட்டும் அன்று, பசியின் கதை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தாது வருடப் பஞ்சம் நம் மரபணுவையே மாற்றிவிட்டது, அதனால்தான் சர்க்கரை வருகிறது என்று சமூக ஊடகங்களில் ஒரு கதை உலவுகிறது. கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது, ஆனால் நிறுவப்படாதது. ஒடுக்கப்பட்டோரின் உடலில் ஏதோ பிறவிக் குறை இருக்கிறது என்ற பழைய பேச்சுக்கு அது புதிய ஆடை கட்டிவிடும் ஆபத்தும் உண்டு. ஒரு தாயின் ஒரு கர்ப்ப காலப் பசியே இவ்வளவு செய்யும்போது நூற்றைம்பது ஆண்டுப் பின்னோக்கிய பாய்ச்சல் எதற்கு?

அந்தப் பசி எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் பட்டியல் சாதியினரில் 43 விழுக்காடு. பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்டோர் அல்லாத மற்றவர்களில் 31 விழுக்காடு. பொருளியலாளர்கள் அஸ்வினி தேஷ்பாண்டேயும் ராஜேஷ் ராமச்சந்திரனும் இன்னும் ஒரு படி சென்று, தீண்டாமையைக் கடைப்பிடிப்பதாகக் குடும்பங்களே ஒப்புக்கொள்ளும் அளவு எங்கே அதிகமோ, அங்கே தலித் குழந்தைகளின் உயரக் குறைவும் அதிகம் என்று காட்டினார்கள். விருதுநகர் 2018 முதல் ஒன்றிய அரசின் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் குறைந்த எடையில் பிறக்கும் குழந்தைகளை எண்ணுகிறார்கள். நல்லது. அதே குழந்தை முப்பத்தைந்து வயதில் பட்டாசு ஆலையின் தரையில் அமர்ந்து திரி செருகும்போது, அவருடைய இடுப்புச் சுற்றளவையும் எண்ண வேண்டும் என்பதே நம் வாதம். ஊட்டச்சத்துக் குறைவு ஒரு துறைக்கு, உடற்பருமன் வேறொரு துறைக்கு என்று கோப்புகள் பிரிந்து கிடக்கின்றன. நோயாளி ஒருவர்தான்.

கழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரத்தத்தில் இன்சுலின் மிகும்போது தோல் செல்கள் தூண்டப்பட்டு, பிடரியிலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுக்கிறது. வெல்வெட்டுத் துணிபோல் தொட்டால் தெரியும். இரத்தப் பரிசோதனை இயல்பாக இருக்கும் காலத்திலேயே, வெறுங்கண்ணால் காணக்கூடிய இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம் அது. நம் பள்ளிகளில் அதற்குப் பெயர் அழுக்கு. 'கழுத்தைத் தேய்த்துக் குளிக்க மாட்டாயா?' என்ற கேள்வி எந்தப் பிள்ளையிடம் கேட்கப்பட்டாலும் அவமானம். சேரியிலிருந்து வரும் பிள்ளையிடம் கேட்கப்படும்போது அதற்குள் சாதி இருக்கிறது. பீர்க்கங்கூடு கொண்டு தோல் உரியத் தேய்த்தாலும் அது போகாது. கல்லூரி மாணவிகள் இதை அறிந்திருக்க வேண்டும்: பிடரிக் கருமையோடு மாதவிடாய் ஒழுங்கின்மையோ முகத்தில் மயிர் வளர்ச்சியோ இருந்தால் சோப்பை மாற்ற வேண்டியதில்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

'உழைப்பவருக்கு வராது' என்ற நம்பிக்கையில் ஒரு பாதி உண்மை இருந்தது. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும். களையெடுப்பும் கதிரறுப்பும் அந்த வேலையைச் செய்தன. ஆனால் மானாவாரி நிலம் கைவிட, கம்பெனி வண்டி ஏறி ஆலைக்குப் போனவர்களின் உழைப்பு வேறு வகை. காகிதக் குழாய் சுற்றுதல், சரம் பின்னுதல், பெட்டியில் அடுக்குதல் எல்லாம் விரலும் முதுகும் ஓயும் வேலைகள். தொடைத் தசையும் கால் தசையும் எட்டு மணி நேரம் அசையாத வேலைகள். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் எழுந்து நடக்கும் ஒவ்வொரு நிமிடமும் வருவாய் இழப்பு. களைப்பு இருக்கிறது, உடற்பயிற்சி இல்லை. 'உடம்பை அசைக்காமல் இருக்கிறீர்கள்' என்று இவர்களிடம் சொல்லும் மருத்துவர் தொழிலாளியின் பேச்சைக் கேட்கவில்லை என்றே பொருள்.

உணவிலும் அதே நிலைதான். விருதுநகர் என்றதும் எண்ணெய் பரோட்டாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. அன்றாடத் தட்டில் இருப்பதோ சோறும் புளிக்குழம்பும், இடையிடையே சர்க்கரை போட்ட தேநீரும். இந்தியர்களின் ஆற்றலில் 60 விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதம் மிகக் குறைவு. 2011 முதல் தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு 20 கிலோ வரை விலையில்லா அரிசி கிடைக்கிறது; பருப்பு 1 கிலோ 30 ரூபாய்க்கு. இதைச் சுட்டிக்காட்டி 'ரேசன் அரிசிதான் நோயைக் கொண்டுவந்தது' என்று பேசுவோரை நாம் அனுமதிக்கக் கூடாது. பட்டினியை நிறுத்தியது அந்த அரிசி. கருவிலிருக்கும் குழந்தையின் கணையத்தைக் காப்பதில் அதற்கும் பங்கு உண்டு. கேட்க வேண்டியது அரிசியைக் குறைப்பதை அன்று. பருப்பையும் முட்டையையும் கூட்டுவதை. இந்த மண்ணில் விளைந்த குதிரைவாலி இன்று நகரத்துக் கடைகளில் 'ஆரோக்கிய உணவு' என்ற பெயரில் விற்கும் விலையில், விளைவித்தவர் வாங்க முடியாது. மலிவான புரதமாகிய மாட்டிறைச்சியை இழிவென்று ஒதுக்கிய பண்பாடு, இப்போது புரதக் குறைபாட்டைப் பற்றி நமக்கு வகுப்பு எடுக்கிறது.

தடுக்க முடியுமா என்றால், முடியும். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழு முன்நீரிழிவு உள்ள 531 பேரிடம் ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டது. நடையும் உணவு மாற்றமும் மட்டும் மூன்றாண்டுகளில் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன. மெட்பார்மின் மாத்திரை 26.4 விழுக்காடு. குறிப்பிடத்தக்க எடைக்குறைவு இல்லாமலேயே இந்தப் பயன் கிட்டியது. மாறியது எடை அன்று, தசை இன்சுலினுக்குச் செவிசாய்த்த விதம். பெருமளவு பருத்தவர்களுக்கு எடைக்குறைப்பு பெரிய மருந்துதான். பிரிட்டனில் கடும் உணவுக் கட்டுப்பாட்டை மேற்கொண்டவர்களில் 46 விழுக்காட்டினர் ஓராண்டில் நீரிழிவு நிலையிலிருந்தே மீண்டனர். ஆனால் 50 கிலோ எடையுள்ள தொழிலாளியிடம் 'எடையைக் குறை' என்பது மருத்துவம் ஆகாது.

அளப்பதற்கு ஒரு தையல் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பன இந்தியர்களுக்கான எல்லைகள். சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண், வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குள்ள நோய் என நான்கே கேள்விகள் கொண்டது. நூற்றுக்கு 60 வந்தால் பரிசோதனை கட்டாயம். நல்ல கருவி. ஆயினும் நான்காவது கேள்வியை எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். 'தாய்தந்தைக்குச் சர்க்கரை இருந்ததா?' என்றால் பரிசோதனையே காணாமல் இறந்தவர்களின் பிள்ளைகள் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். அந்த 'இல்லை', மருத்துவம் கிட்டாமையின் பதிவு. இரத்தச்சோகையும் அப்படியே. 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. அவர்களிடம் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை தவறான எண்ணைக் காட்டக்கூடும். வெறும்வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள்.

சட்டத்தின் பக்கம் வருவோம். அண்ணல் அம்பேத்கர் நீரிழிவாளர். கால் வலியோடும் தூக்கமின்மையோடும், இன்சுலின் துணையோடும்தான் அரசியலமைப்பு வரைவுப் பணியை அவர் செய்தார். 1948 ஏப்ரல் 15 அன்று மருத்துவர் சவிதாவை மணந்தார். அவருடைய நோயைப் பார்த்துக்கொண்டவர் சவிதாதான். அதற்கு நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 19 அன்று, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. அதன் விதை, அவர் வைசிராய் அவையின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில் பி.பி. அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கை.

அந்த இ.எஸ்.ஐ. திட்டத்தில் நீண்டகால நோய்கள் 34 உள்ளன; அவற்றுக்கு 80 விழுக்காடு ஊதியத்தோடு இரண்டாண்டு வரை நோய்க்காலப் பயன் உண்டு. பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. எப்போது? விழித்திரை கெட்ட பிறகு, பாதம் புண்ணான பிறகு, சிறுநீரகம் பழுதான பிறகு. அதற்கு முந்தைய பத்தாண்டுகள் சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. அந்தப் பயனுக்கும் இரண்டாண்டுத் தொடர்ச்சியான காப்பீட்டுப் பணி வேண்டும். உள்குத்தகையில் கை மாறும் ஆலைகளில், வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாதவருக்கு அந்தத் தொடர்ச்சியை எப்படி மெய்ப்பிப்பது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் ஈயமும் பாதரசமும் இருந்தன. நாள் முழுதும் அசையாது அமரவைக்கும் வேலை இருக்கவில்லை.

வெடிவிபத்து இழப்பீட்டு வழக்குகளில் இது இன்னொரு முகம் காட்டும். தீப்புண் ஆறாமல் கால் அகற்றப்படுகிறது. அப்போதுதான் சர்க்கரை தெரியவருகிறது. 'காலை எடுத்தது வெடியன்று, பழைய நோய்' என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைக்கிறது. பாதிக்கப்பட்டவர் எந்த உடல்நிலையில் இருந்தாரோ அந்த நிலையிலேயே அவரை ஏற்றுப் பொறுப்புக் கொள்ள வேண்டும் என்பது தீங்கியல் சட்டத்தின் பழைய நெறி. வழக்குரைஞர்கள் அதை முதல் மனுவிலேயே எழுப்ப வேண்டும். மேல்முறையீட்டுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

வீடு தேடி மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பணியிடப் பரிசோதனைக்கான 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024இல் வந்தது. இரண்டாவது திட்டம் பட்டாசு ஆலைகளையும் தீப்பெட்டி ஆபீசுகளையும் எட்டியிருக்கிறதா என்று அறிய, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6(1)இன் கீழ் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடலாம். 30 நாளுக்குள் விடை தர வேண்டும். கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை ஆலைகளில் முகாம் நடந்தது, எத்தனை பேருக்கு இடுப்பளவு எடுக்கப்பட்டது, அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர். மூன்றாவது கேள்விக்கு 'அவ்வாறான விவரம் பராமரிக்கப்படவில்லை' என்ற விடை வரக்கூடும். அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்தி வையுங்கள். சாதிவாரி நோய்க் கணக்கு கோரும் மனுவுக்கு அதுதான் முதல் இணைப்பு.